மழை நாளில் மேசையில் விழுந்த வெயில்

சிட்னி வென்ட்வேர்த்வில்லில் மளிகைக்கடை ஒன்றின் மேல்மாடியில் இணையத் தமிழ்த் தொலைக்காட்சி தொடங்கியிருக்கும் தம்பிமாருக்கும் தங்கைச்சிமாருக்கும்,

போன கிழமை உங்கள் கூட்டத்துக்கு என்னை அழைத்தீர்கள். தேநீர் தந்தீர்கள், வடை தந்தீர்கள், பிறகு நிகழ்ச்சிப் பட்டியலை முன்னால் வைத்து, "அங்கிள், இதில பிழை ஏதும் இருக்கோ?" என்று கேட்டீர்கள். பகல் ஒரு மணியிலிருந்து நான்கு மணி வரை 'கோயில் வாசல்' என்று போட்டிருந்தது. ஒரு நாள் எடுத்த படத்தையே, வருபவர் போகிறவரோடு சேர்த்து, தினமும் ஓடவிடப் போவதாகச் சொன்னீர்கள். "ஆருக்குத் தெரியப்போகுது அங்கிள்?" என்று ஒருவர் சிரித்தார்.

நான் வடையைத் தின்றேன். அதே கேள்வியை அதே சிரிப்போடு நானும் ஒருமுறை கேட்டவன். அதற்குக் கிடைத்த பதிலை வாயால் சொன்னால் நீங்கள் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு மறந்துவிடுவீர்கள். ஆகவே எழுதுகிறேன்.

நான் வேலை செய்தது மேற்குச் சிட்னியில் இருந்த ஒரு ஸ்பானிஷ் தொலைக்காட்சி நிலையத்தில். ஸ்பானிஷ் எனக்குத் தெரியாது. அதனால்தான் வேலை கிடைத்தது. கொழும்பில் வானொலியில் நிகழ்ச்சிக் கட்டுப்பாட்டாளனாக இருந்தவன் என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்தேன். நிலையத்தின் மேலாளர், சிலி நாட்டிலிருந்து வந்த ஒரு பெண்மணி, அதைப் படிக்கவே இல்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "உமக்கு ஸ்பானிஷ் விளங்குமோ?" இல்லை என்றேன். "நாளைக்கே வாரும்" என்றார்.

(அவர் பேசியது ஆங்கிலம், நான் பேசியதும் ஏறக்குறைய அதுதான். இங்கே எல்லாரையும் எங்கட தமிழிலேயே பேச விடுகிறேன். என் ஞாபகத்தில் அவர்கள் அப்படித்தான் பேசுகிறார்கள்.)

காரணம் பிறகு புரிந்தது. சிலிக்காரருக்கு எத்தனை நிமிடம், உருகுவேக்காரருக்கு எத்தனை நிமிடம், எல் சல்வடோர்காரருக்கு ஏன் எப்போதும் மத்தியானச் சாப்பாட்டு நேரம் என்று ஓயாத சண்டை. மொழி தெரிந்த எவரும் ஏதோ ஒரு பக்கத்தின் மச்சானாகவோ மருமகனாகவோ இருந்தார். மணிக்கூட்டை மட்டும் பார்க்கிற ஒருவர் அவர்களுக்குத் தேவைப்பட்டார். நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். பேச்சாளர் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாலும் நேரம் முடிந்தால் வெட்டினேன். ஆறு மாதத்தில் எல்லாப் பக்கத்தாரும் என்னைச் சமமாக வெறுத்தார்கள். மேலாளர் அதை நிலையத்தின் முதல் வெற்றி என்றார்.

நிலையம் ஒரு சமூக மன்றத்தின் மாடியில் இரண்டு அறைகள். கூரையில் ஒரு கம்பம், அதில் மிகக் குறைந்த சக்தியில் ஓடும் ஒளிபரப்புக் கருவி. சுற்றியிருந்த மூன்று நான்கு புறநகர்களுக்குத்தான் படம் எட்டும். ரயில் பாதையைத் தாண்டினால் புள்ளி புள்ளியாகும். இன்னும் தள்ளி, பிளாக்டவுனில் இருந்தவர்களுக்கு நாங்கள் ஒரு வதந்தி. நண்பர்கள் கேட்பார்கள்: "உங்கட சனலை ஆர் பாக்கிறது?" அந்தக் கம்பத்தில் ஏறி நின்றால் பார்ப்பவர்கள் எல்லாரையும் கண்ணால் எண்ணலாம் என்பேன். அது எங்கள் குறை என்று நினைத்திருந்தேன். அதுதான் எங்கள் பலம் என்று தெரிய ஒரு மழை நாள் தேவைப்பட்டது.

பிற்பகல் இரண்டிலிருந்து நான்கு மணி வரை எங்களிடம் நிகழ்ச்சி கிடையாது. கறுப்புத் திரையை விடவும் கூடாது. ஆகவே மேலாளர் கீழ்த்தளத்து மண்டபத்தின் மூலையில், கூரைக்குச் சற்றுக் கீழே, ஒரு கேமராவைப் பொருத்தியிருந்தார். யன்னலோரம் ஒரு மேசை, நான்கு கதிரை, நான்கு கிழவர்கள், புள்ளிகள் போட்ட டொமினோ கட்டைகள், சுவரில் ஒரு பெரிய மணிக்கூடு. ஒலி கிடையாது. அதை அப்படியே நேரடியாக அனுப்புவோம். அதற்கு ஒரு பெயர்கூட இல்லை. என் பதிவேட்டில் 'இடைவெளி' என்று எழுதுவேன்.

ஒருநாள் ஒரு முறைப்பாட்டுக் கடிதம் வந்தது. நான்கு கிழவர்களில் ஒருவர், எப்போதும் தொப்பி போடுபவர், எழுதியிருந்தார். பிற்பகல்களில் முதுகுவலிச் சிகிச்சைக்குப் போவதாக அவர் மனைவியிடம் சொல்லி வைத்திருந்தார். மனைவியின் தங்கை வீட்டில் எங்கள் சனல் தெளிவாகத் தெரியுமாம். தன் அனுமதியின்றித் தன் படத்தைக் காட்டியது எந்த விதியின் கீழ் என்று கேட்டிருந்தார்.

இளையவர்களே, ஒழுங்குமுறை தெரிந்தவனுக்கு முறைப்பாட்டுக் கடிதம் என்பது தீபாவளி மாதிரி. நான்கு பக்கத்தில் குறிப்பு எழுதினேன். ஒன்று: கையெழுத்திட்ட சம்மதம் இல்லாமல் யாருடைய நேரடிப் படமும் போகக்கூடாது. இரண்டு: மண்டபத்தில் இன்னார் இருக்கிறாரா இல்லையா என்று தொலைபேசியில் யார் கேட்டாலும் ஊழியர் சொல்லக்கூடாது. மூன்று: நல்ல வெளிச்சமுள்ள ஒரு நாளில், நால்வரிடமும் சம்மதம் வாங்கி, இரண்டு மணிநேரம் பதிவு செய்து, அதையே தினமும் போடுவது. அந்த ஒரு நாளைப் பற்றித் தொப்பிக்காரர் வீட்டில் முன்கூட்டியே சொல்லி மன்னிப்பு வாங்கிக்கொள்வார்.

மேலாளர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "பிறகு அது நேரடி இல்லையே?"

"அதே மேசை, அதே கட்டை, அதே ஆக்கள். ஆருக்குத் தெரியப்போகுது?"

அவர் கையெழுத்திட்டார். என் குறிப்புகளில் பிழை இருக்காது என்று அவர் நம்பியிருந்தார். பிழை இருக்கவும் இல்லை, அதுதான் பிரச்சினை.

கருவிகளைப் பார்த்துக்கொண்ட செந்தில் கோயம்புத்தூர்க்காரர். பதிவைக் கணினியில் ஏற்றும்போது, "சார், மேல ஒரு ஓரத்துல 'பதிவு'ன்னு சின்னதா போட்டுடலாமா?" என்றார்.

"விதியில கேக்கேல்லை."

"விதி கேக்கலைதான் சார். பாக்குறவங்க கேப்பாங்கல்ல?"

"டொமினோ விளையாடுறதுக்கு ஆர் கேக்கப்போகினம்?"

"சரி சார்" என்றார். 'சார்' என்ற சொல்லை அவர் அன்று கொஞ்சம் நீட்டினார். என்னிடம் வாதாடித் தோற்றவர்கள் எல்லாரும் கடைசியில் அந்தச் சொல்லைத்தான் நீட்டுவார்கள்.

இன்னும் ஒன்று செய்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அன்று பெருமையாக இருந்தது. பதிவைச் சரியாக இரண்டு மணி அடிக்கத் தொடங்கும்படி அமைத்தேன். அப்போதுதான் படத்தில் தெரியும் சுவர் மணிக்கூடு உண்மையான நேரத்தோடு ஒத்துப்போகும். ஒரு நொடி பிசகாது. செந்திலைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பர்ஃபெக்ட் சார்" என்றார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்தாவது நாள் மத்தியானம் நல்ல மழை. செந்தில் விடுமுறையில். மேலாளர் நகரத்தில் ஒரு கூட்டத்தில். கட்டுப்பாட்டு அறையில் நான் தனியே. மூன்று மணி அளவில் தொலைபேசி அடித்தது.

ஒரு பெண் குரல். "உங்கட இடத்தில மழையோ?"

"ஓம், நல்ல மழை" என்றேன். வானிலை கேட்க எங்களை யாரும் அழைத்ததில்லை.

"அப்ப ஏன் என்ட அப்பாவில வெயில் விழுது?"

நான் திரையைப் பார்த்தேன். மேசை முழுவதும் மஞ்சள் வெயில். கட்டைகளுக்கு நிழல்கூட இருந்தது. என் அறை யன்னலில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

அவர் பெயர் மார்த்தா. இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி, முதியோர் இல்லம் ஒன்றில் தாதி. அந்த இல்லத்தின் பொது அறைத் தொலைக்காட்சியில் எங்கள் சனல்தான் ஓடும். அவருடைய அப்பா எர்னெஸ்டோ, யன்னலோரக் கதிரைக்காரர். தனியே ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்தார். நீரிழிவுக்கு ஊசி போடுபவர். மகள் தொலைபேசி எடுத்து நலம் விசாரித்தால் அவருக்குக் கோபம் வரும்: "நான் என்ன குழந்தையோ?" ஆகவே மகள் விசாரிப்பதை நிறுத்திவிட்டு, தினமும் இரண்டு பத்துக்குப் பொது அறைப் பக்கம் ஒருதரம் போய்த் திரையைப் பார்ப்பார். அப்பா கதிரையில் இருப்பார். அவ்வளவுதான். திரும்பி வேலைக்குப் போவார். வருடக்கணக்காக இது நடந்திருக்கிறது. அப்பாவுக்கே தெரியாது.

இதையெல்லாம் நான் பின்னால் அறிந்தேன். அந்த நேரத்தில் எனக்குக் கேட்டது ஒரே கேள்வி.

"அவர் இப்ப அங்க இருக்கிறாரோ இல்லையோ? அதை மட்டும் சொல்லுங்கோ."

நான் சொன்னது இது: "மன்னிக்க வேணும், மண்டபத்தில ஆர் இருக்கினம் எண்டு நாங்கள் தொலைபேசியில சொல்லுறதில்லை."

குறிப்பின் இரண்டாம் பகுதி. நானே எழுதியது. வாய் தானாகச் சொன்னது. நல்ல நடைமுறை என்பதே அப்படித்தான், யோசிக்க வேண்டிய அவசியம் இல்லாமல் செய்துவிடும்.

 அவர் கத்தவில்லை. தாதிகள் கத்த மாட்டார்கள். "அவர் காலமை ஊசி போடுறவர். போட்டுட்டுச் சாப்பிடாமல் விட்டால் விழுந்துபோவார். ரெண்டு பத்திலயிருந்து அடிக்கிறன், கைத்தொலைபேசியை எடுக்கிறார் இல்லை. நீங்கள் போய்ப் பாக்கிறீங்களோ, இல்லை நான் வேற ஆரையும் கேக்கவோ?"

ரிசீவரை மேசையில் வைத்துவிட்டு ஓடினேன். ஒளிபரப்பு நடக்கும்போது கட்டுப்பாட்டு அறையை விட்டு நான் வெளியே போனது அதுதான் முதல்தடவை.

கீழே மூன்று பேர் இருந்தார்கள். யன்னலோரக் கதிரை காலி.

"எர்னெஸ்டோ எங்க?"

"மழையெல்லே, வரேல்லை" என்றார் தொப்பிக்காரர். "ஏன், உமக்கும் ஆள் குறையுதோ? வந்து இரும். ஒழுங்கா விதிப்படி விளையாடலாம்."

மற்ற இருவரும் சிரித்தார்கள். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினார்கள். விஷயத்தைச் சொன்னேன்.

திரும்ப மேலே ஓடி மார்த்தாவிடம் உள்ளதைச் சொன்னேன். ஆம்புலன்சுக்கு உடனே சொல்வதாகவும், மழையில் அது வந்துசேர நேரமாகலாம் என்றும், தன் இடத்தில் மாற்று ஆள் வரும்வரை நோயாளிகளை விட்டுப் புறப்பட முடியாது என்றும் சொன்னார். அப்பாவின் முகவரியையும் தந்தார். மன்றத்திலிருந்து நடந்தால் கால்மணி நேரம். கதவு பூட்டியிருக்கும். என்னிடம் கார் இல்லை. கிழவர்களிடம் ஓட்டுநர் உரிமமே இல்லை.

அப்போது திரையைப் பார்த்தேன். எர்னெஸ்டோ வெயிலில் உட்கார்ந்து, ஒரு கட்டையை எடுத்து, யோசித்து, வைத்தார். முகத்தில் திருப்தி. மூன்று நான்கு புறநகர்களில், அவரை அறிந்த அத்தனை வீடுகளிலும், அவர் நன்றாக இருக்கிறார் என்று நான் அந்த நிமிடமும் அறிவித்துக்கொண்டிருந்தேன். மணிக்கூடுகூடச் சரியாக இருந்தது.

பதிவை வெட்டினேன். நேரடிக் கேமராவைப் போட்டேன். சம்மதம் இல்லை, பட்டியலில் இல்லை, மேலாளரின் அனுமதி இல்லை. திரையில் வெயில் போய் மழை வந்தது. காலிக் கதிரை தெரிந்தது. அது போதாது என்று மறுபடி கீழே ஓடினேன். மேசைக்குப் பக்கத்தில் எம்பனாடா வாங்கி வந்த அட்டைப்பெட்டி ஒன்று கிடந்தது. எம்பனாடா என்றால், மீன் அடைத்த எங்கட மாலுபணிஸின் ஸ்பானிஷ் ஒன்றுவிட்ட சகோதரன். மூடியைக் கிழித்துத் தொப்பிக்காரரிடம் கொடுத்து, "இப்ப நேரம் மூண்டு பத்து. எர்னெஸ்டோ இண்டைக்கு வரேல்லை. பக்கத்தில இருக்கிறவை கதவைத் தட்டிப் பாருங்கோ. இதை ஸ்பானிஷில பெரிசா எழுதும்" என்றேன்.

அவர் மார்க்கரைக் கையில் எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இப்ப நானும் படத்தில தெரியுறேனோ?"

"ஓம்."

"மனுசி பாப்பாள்."

"ஓம்."

அவர் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு எழுதினார். அட்டையைக் காலிக் கதிரையில் கேமராவைப் பார்க்கச் சாய்த்து வைத்தோம்.

நான் மாடிப்படி ஏறி முடிக்கும் முன்பே தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது. முதல் அழைப்பில், அவரை நேற்றுக் கண்ட ஒருவர். இரண்டாவது, தொப்பிக்காரரின் மனைவி. அவரைப் பிறகு அழைக்கச் சொன்னேன். மூன்றாவது, எர்னெஸ்டோவின் வீட்டுக்கு நேர் கீழே குடியிருந்த ஓர் அம்மா. காலையிலிருந்து மேலே தண்ணீர்க் குழாய் ஓடிக்கொண்டிருக்கிறதாம். சத்தம் கேட்டதாம். ஆனால் இரண்டு மணிக்குத் தொலைக்காட்சியில் அவரைக் கண்டதும், குழாயைப் பூட்டாமல் போய்விட்டார் என்று திட்டிவிட்டுப் பேசாமல் இருந்தாராம். அவரிடம் மேல்வீட்டுக் கதவின் திறப்பு ஒன்று இருந்தது, எர்னெஸ்டோ ஊருக்குப் போனால் அவருடைய கிளிக்குத் தீன் வைக்க.

"இப்ப ஏறுறன்" என்று ரிசீவரை வைத்தார்.

எர்னெஸ்டோ குளியலறைத் தரையில் கிடந்தார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது, நினைவு பாதிதான். அந்த அம்மா சீனித்தண்ணியைத் துளித்துளியாக உதட்டில் தடவிக்கொண்டிருக்கும்போது ஆம்புலன்ஸ் வந்தது. இன்னும் ஒரு மணிநேரம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மருத்துவர் மார்த்தாவிடம் சொல்லியிருக்கிறார். மார்த்தா என்னிடம் அதைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அடுத்த நாள் மேலாளருக்கு அறிக்கை எழுதினேன். நான் மீறிய விதிகளை வரிசைப்படுத்தினேன், ஏழு வந்தன. ஏழும் நான் கையெழுத்திட்டவை. அவர் பொறுமையாகப் படித்தார்.

"இதில எட்டாவது ஒண்டு இல்லை" என்றார்.

"எது?"

"பத்து நாளும் நீர் எல்லா விதியையும் ஒழுங்காக் கடைப்பிடிச்சீர். அதை எழுதேல்லை."

அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றி ஒருபோதும் பேசவில்லை. நான் இராஜினாமாக் கடிதம் ஒன்று தயார் செய்து வைத்திருந்தேன், மூன்று பிரதிகளுடன். அதைக் கொடுக்க இடம் தராமல், "நேரடிக்கு எல்லாரிட்டையும் சம்மதம் வாங்கும். அது உமக்கு நல்லா வரும்" என்று அனுப்பிவிட்டார். வாங்கினேன். தொப்பிக்காரரும் கையெழுத்திட்டார், மறைக்க இனி ஒன்றும் மிச்சமில்லை என்றார். செந்தில் வந்ததும் திரையின் மேல்மூலையில் ஒரு சொல் போடச் சொன்னேன். நேரடி என்றால் நேரடி, பதிவு என்றால் பதிவு. "சரி சார்" என்றார். இந்தமுறை நீட்டவில்லை.

எர்னெஸ்டோ இரண்டு மாதம் கழித்து பிடித்து நடக்கிற சட்டத்தோடு வந்தார். மகள் தன்னை இத்தனை வருடம் வேவு பார்த்த கதை அவருக்குத் தெரிந்துவிட்டிருந்தது. என்னிடம் சீறினார்: "அப்ப ஒவ்வொரு ஞாயிறும் 'வெண்டனீங்களோ அப்பா?' எண்டு ஏன் கேட்டவள்? நான் தோத்ததெல்லாம் பாத்திருக்கிறாளே!" பிறகு தன் கதிரையில் இருந்தார். சரியாக இரண்டு பத்துக்குத் தலையை நிமிர்த்திக் கேமராவைப் பார்த்து, கையில் இருந்த கட்டை ஒன்றைத் தூக்கிக் காட்டினார். மற்ற மூவரும் அது என்ன கட்டை என்று எட்டிப் பார்த்துவிட்டார்கள். ஆட்டம் குழம்பியது. அடுத்த நாளும் காட்டினார். இருந்த காலம் முழுவதும் காட்டினார், அது கொஞ்சக் காலமில்லை.

கூரைக் கம்பத்தை இப்போது கழற்றிவிட்டார்கள். நிலையம் உங்களுடையதைப் போல இணையத்துக்குப் போய்விட்டது. 'இடைவெளி' இன்னும் ஓடுகிறது. ஓய்வு பெற்ற பின் செவ்வாயும் வியாழனும் யன்னலோரக் கதிரை எனக்கு. விதிப்படி விளையாடுகிறேன் என்று எல்லாரும் குறைப்படுகிறார்கள்.

உங்கள் கூட்டத்துக்குப் பிறகு வந்த செவ்வாய்க்கிழமை காய்ச்சல் என்று போகவில்லை. மூன்று மணிக்கு மெல்பேர்னிலிருந்து மகள் எடுத்தாள். கிளேட்டனில் ஆராய்ச்சி செய்கிறாள். மாதத்தில் இரண்டுதரம் எடுத்தால் அதிகம் என்று நான் குறைப்பட்டுக்கொண்டிருந்த மகள்.

"அப்பா, ஆர் யூ ஓகே? ஏன் இண்டைக்குக் கதிரையில நீங்கள் இல்லை?"

சனலின் முகவரியை நான் அவளுக்குச் சொன்னதே இல்லை.

அந்த வியாழக்கிழமை காய்ச்சல் விட்டுப் போயிருந்தேன். ஆட்டத்தின் நடுவில் கைத்தொலைபேசி அதிர்ந்தது. எடுத்துக் காதில் வைத்தேன், மகள். "இங்க சரியான மழை அப்பா. உங்கட மேசையில வெயிலாக் கிடக்கு. லைவ் எண்டு போட்டிருக்கு. இட்ஸ் ரியலி லைவ், இல்லையா?"

அப்போதுதான் உங்கள் பட்டியலின் பிழை எனக்கு முழுதாக விளங்கியது. எங்கள் படம் நடந்துபோகும் தூரம்வரைதான் எட்டியது. என்னுடைய பொய்யை மார்த்தா தன் யன்னல் வழியாகப் பார்த்தே கண்டுபிடித்தார். உங்களுடையது மெல்பேர்னுக்கும் லண்டனுக்கும் எட்டும். அங்கே எந்த யன்னலைத் திறந்து பார்த்தாலும் உங்கள் கோயில் வாசலில் மழையா வெயிலா என்று தெரியாது. அந்த வாசலில் செருப்பைக் கழற்றுகிற ஒருவரை, அவர் சௌக்கியம்தானா என்று, ஆரோ ஒரு பிள்ளை எங்கேயோ இருந்து பார்த்துவிட்டு வேலைக்குத் திரும்பும். நீங்கள் போடுகிற அந்த ஒரு சொல்லைத் தவிர அந்தப் பிள்ளையிடம் வேறு சாட்சி இல்லை.

பட்டியலை மாற்றச் சொல்லவில்லை. பழைய படத்தையே போடுங்கள். மூலையில் 'பதிவு' என்று எழுதிவிட்டுப் போடுங்கள். விதியில் கேட்கவில்லை, எனக்குத் தெரியும். விதி முழுவதும் எனக்கு மனப்பாடம்.

மகளுக்கு நான் கையால்தான் பதில் சொன்னேன். தலையை நிமிர்த்திக் கேமராவைப் பார்த்து, கையில் இருந்த இரட்டை ஆறு கட்டையைத் தூக்கிக் காட்டினேன். காதில் அவள் சிரிப்பது கேட்டது. மற்ற மூன்று கிழவர்களும் என் கட்டையைப் பார்த்துவிட்டார்கள். அந்த ஆட்டத்தில் நான் தோற்றேன்.